கதவில் அறைந்த ஆணைகள்

17, 18ஆம் நூற்றாண்டுகளில், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்து பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஓர் ஆணை மக்களிடம் செல்லுபடியாக வேண்டுமானால் அது பதிவேட்டில் ஏறியிருந்தால் மட்டும் போதாது. ஊரார் கண்ணில் படும்படி ஒட்டப்படவும், காதில் விழும்படி உரக்கப் படிக்கப்படவும் வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்து வந்தது, ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட்ட தனித்தாள். ஆங்கிலத்தில் ‘பிராட்சைடு’ என வழங்கிய இதனை ஒற்றைத்தாள் அறிவிப்பு எனலாம். மறுபக்கத்தை வெறுமையாக விட்டதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை, பசை தடவ வேண்டிய பக்கத்தில் அச்சிட்டுப் பயனில்லை என்பதுதான். ஆளுநரின் பிரகடனம், நோன்பு நாள் அறிவிப்பு, ஏலம், கப்பல் வரவு, தூக்குத் தண்டனை பெற்றவனின் கடைசி வாக்குமூலம், தெருப்பாடல் என எல்லாமே இந்தத் தாளில் வெளிவந்தன. இவற்றுள் ஆணை பிறப்பிக்கும் தாளின் கதையே வரலாற்றில் கனமானது. ஏனெனில் அரசு தன் அதிகாரத்தைக் காட்டுவதற்கென வளர்த்த ஒரு வடிவத்தை, அந்த அரசை எதிர்த்தவர்கள் தலைப்பு முதல் கையொப்பம் வரை அப்படியே எடுத்துக்கொண்டு அதே சுவர்களில் ஒட்டினார்கள்.

அந்தக் குடியேற்றங்களில் நடந்த முதல் அச்சு வேலையே ஓர் ஒற்றைத்தாள்தான். ஜோஸ் குளோவர் என்ற மதகுரு 1638இல் ஓர் அச்சுப்பொறியுடன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நடுவழியில் இறந்துபோனார். அவருடைய மனைவி அதை மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊரில் நிறுவச் செய்ய, கூட வந்திருந்த ஸ்டீபன் டே என்ற பூட்டுத் தொழிலாளி அதன் பொறுப்பை ஏற்றார். அதில் முதலில் அச்சானது உரிமைக்குடிகளின் உறுதிமொழி என்றும், அடுத்தது பஞ்சாங்கம், மூன்றாவது சங்கீதப் புத்தகம் என்றும் ஆளுநர் ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். உரிமைக்குடி என்பவர் திருச்சபை உறுப்பினராகி வாக்குரிமை பெற்ற ஆண். அவர் குடியேற்ற அரசுக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகச் சொல்ல வேண்டிய வாசகமே அந்த உறுதிமொழி. 1639இல் அச்சான அந்தத் தாளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. அந்த இன்மையே அதற்கு விலையை ஏற்றிவிட்டது: 1985இல் மார்க் ஹாஃப்மன் என்ற போலி ஆவணத் தயாரிப்பாளர் அந்தத் தாளைத் தாமே ‘கண்டெடுத்து’ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் 15 லட்சம் டாலர் விலை பேசினார், அவருடைய மோசடிகள் அம்பலமாகும் தறுவாயில் அவர் வைத்த வெடிகுண்டுகளுக்கு இருவர் பலியானார்கள்.

ஆணையையும் அறிவுரையையும் ஒரே தாள் சுமந்த காலம் அது. பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது தாமஸ் தாச்சர் என்ற மதகுரு, பெரியம்மையோ தட்டம்மையோ கண்டவர்களைச் சாதாரண மக்கள் எப்படிப் பேண வேண்டும் என்று விளக்கி 1677இல் வெளியிட்டது ஓர் ஒற்றைத்தாள்தான். பிரிட்டிஷ் அமெரிக்காவில் அச்சான முதல் மருத்துவ வெளியீடு என்று அதைக் கூறுவர். 1690 செப்டம்பர் 25 அன்று பெஞ்சமின் ஹாரிஸ் பாஸ்டனில் அங்குள்ள முதல் செய்தித்தாளைக் கொண்டுவந்தார். நான்கே நாளில் ஆளுநரும் ஆலோசனைக் குழுவும் அதைத் தடைசெய்து, இனி உரிமம் பெறாமல் எதையும் அச்சிடக் கூடாது என்று உத்தரவிட்டனர். அந்த உத்தரவும் ஒற்றைத்தாளாகவே வெளிவந்தது. முதல் செய்தித்தாள் ஒரே இதழோடு நின்றுபோக, அதை நிறுத்திய தாளின் வகை மேலும் ஒன்றரை நூற்றாண்டு தழைத்தது.

இத்தாள்கள் ஒட்டப்பட்ட இடங்களைப் பார்த்தால் அவற்றின் வேலை விளங்கும். வடபகுதியான நியூ இங்கிலாந்தின் ஊர்களில் வழிபாடும் ஊர்ச்சபைக் கூட்டமும் ஒரே கட்டடத்தில் நடந்தன. கூட்டக்கூடம் எனப்பட்ட அக்கட்டடத்தின் கதவே ஊரின் அறிவிப்புப் பலகையாகவும் இருந்தது. ஊர்ச்சபை கூடும் நாள், திருமணம் செய்யவிருப்போரின் பெயர்கள், வரி பற்றிய செய்தி ஆகியவை கையெழுத்திலோ அச்சிலோ அங்கே அறையப்பட்டன. தெற்கிலும் நடுப்பகுதியிலும் நீதிமன்றக் கதவும் சந்தையும் விடுதியும் அந்த இடத்தைப் பெற்றன. விடுதி என்பது இங்கே தங்குமிடம் மட்டுமன்று. மது, தபால், குதிரை மாற்று, அரசியல் வம்பு ஆகிய நான்கும் கிடைக்குமிடம். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்பதே வழக்கம் என்பதால், ஒரு தாளைப் படித்தவர்களின் தொகையைவிடக் கேட்டவர்களின் தொகை எப்போதும் பெரிது. தண்டோரா போடுபவரின் குரலும் அச்சும் ஒன்றையொன்று விரட்டிவிடவில்லை. தாள் கிடைத்தபின் அதைப் பார்த்துத்தான் அவர் கூவினார்.

அச்சகத்தாரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒற்றைத்தாளே வயிற்றைக் கழுவியது. ஒரு புத்தகத்துக்குப் பல மாதங்கள் தாளும் கூலியும் முடங்கிக் கிடக்க வேண்டும், விற்குமா என்பதும் தெரியாது. அறிவிப்போ காலையில் வந்த கையெழுத்துப் படியை மாலைக்குள் காசாக்கிவிடும். ஈய எழுத்துகள் நெடுங்காலம் இங்கிலாந்திலிருந்தே வர வேண்டியிருந்ததால், பல பக்கங்களைக் கோத்து வைக்க எழுத்துப் போதாத அச்சகங்களுக்கும் ஒரு பக்கத்தைக் கோப்பது எளிதாயிற்று. அச்சுக்கோப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக்கிச் சட்டத்தில் இறுக்கியபின், மரத்தாலான அச்சுப்பொறியில் இருவர் வேலையை ஏற்றனர்: ஒருவர், கம்பளி திணித்துத் தோல் போர்த்திய இரண்டு உருண்டைகளால் விளக்குக்கரியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த மையை எழுத்துகளின்மேல் தட்டித் தடவ, மற்றவர் முன்னமே ஈரப்படுத்திய தாளை வைத்து நெம்புகோலை இழுத்தார். கைதேர்ந்த இருவர் மணிக்கு ஏறத்தாழ 240 தாள்களை எடுப்பது அக்காலத்துக் கணக்கு. பிறகு தாள்கள் கொடியில் தொங்கி உலர வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பொறுமை இல்லாத இரவு ஒன்று பின்னர் வந்தது. தாள் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது என்பதால், பழந்துணியைத் தூக்கி எறியாமல் கொடுத்துதவுமாறு கேட்கும் அறிவிப்புகளை அச்சகத்தாரே அச்சிட வேண்டியிருந்தது.

ஓர் அறிவிப்பு எவ்வளவு வேலை வாங்கும் என்பதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1755இல் காட்டிய சாமர்த்தியமே நல்ல சான்று. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து உள்நாட்டுக்குச் செல்லவிருந்த தளபதி எட்வர்ட் பிராடக்கின் படை, சுமை இழுக்க வண்டி கிடைக்காமல் மேரிலாந்தில் தேங்கி நின்றது. அதற்குக் கிடைத்திருந்தவை 25 வண்டிகளே. ஃபிராங்க்ளின் பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்குப் போய், 150 வண்டிகளும் 1500 குதிரைகளும் வாடகைக்குத் தேவை என்று ஏப்ரல் 26 தேதியிட்ட அறிவிப்பை அச்சிட்டுப் பரப்பினார். நான்கு நல்ல குதிரைகளும் ஓட்டியும் உள்ள வண்டிக்கு நாளொன்றுக்கு 15 ஷில்லிங், சேணத்தோடு குதிரைக்கு 2 ஷில்லிங், சேணமில்லாததற்கு 18 பென்ஸ் என்று கூலி வெட்டவெளிச்சமாக அதில் இருந்தது. அதனுடன் சேர்ந்து போன கடிதத்தில், கேட்டதைத் தராவிட்டால் சர் ஜான் செயின்ட் கிளேர் என்ற படை அதிகாரி வீரர்களோடு மாகாணத்துக்குள் நுழைந்து எடுத்துக்கொள்வார் என்ற எச்சரிக்கையும் நாசூக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவரை ‘ஹுஸார்’, அதாவது இலகு குதிரைப்படை வீரர், என்று குறிப்பிட்டதில்தான் ஃபிராங்க்ளினின் குறும்பு இருக்கிறது, ஏனெனில் அப்பகுதியில் குடியேறியிருந்த ஜெர்மானிய உழவர்கள் பழைய நாட்டில் ஹுஸார் படைகளின் கொள்ளையை அறிந்தவர்கள். இரண்டே வாரத்தில் 150 வண்டிகளும் 259 சுமைக்குதிரைகளும் புறப்பட்டுவிட்டன. ஜூலையில் பிராடக்கின் படை மொனங்கஹேலா ஆற்றருகே முறியடிக்கப்பட்டு வண்டிகள் பறிபோனபோது, அறிவிப்பை நம்பி வந்தவர்கள் அதை வெளியிட்டவரிடமே ஏறக்குறைய 20,000 பவுண்டு கேட்டு நின்றனர். புதிய தளபதி ஷெர்லி பணம் கொடுக்க உத்தரவிட்டிராவிட்டால் ஃபிராங்க்ளின் மஞ்சள் கடுதாசி கொடுத்திருப்பார்.

இதே வடிவம் மனிதரையும் சரக்காக்கியது. 1769 ஜூலை 24 தேதியிட்டுத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வெளியான தாள் ஒன்று, ஆகஸ்ட் 3 வியாழக்கிழமை நடக்கவிருக்கும் விற்பனையை அறிவிக்கிறது: சியரா லியோனிலிருந்து ‘டெம்பியா’ என்ற இருபாய்மரக் கப்பலில் சற்றுமுன் வந்து இறங்கிய 94 ஆப்பிரிக்கர், அவர்களில் 39 ஆண்கள், 15 சிறுவர்கள், 24 பெண்கள், 16 சிறுமிகள், விற்பவர்கள் டேவிட், ஜான் டீஸ் என்ற வணிகர்கள். மரக்கட்டையில் செதுக்கிய மனித உருவங்கள் வாசகத்தின் பக்கத்தில் அணிசெய்ய, எழுத்துகள் அளவாக நடுவில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. கப்பலுக்கும் கப்பல் தலைவனுக்கும் வணிகர்களுக்கும் உண்டு. ஆளுநரின் பிரகடனத்தைக் கோத்த கைகளுக்கு இது வேறு வகை வேலையாகத் தோன்றியிருக்க வழியில்லை: யார், எங்கே, எப்போது, எத்தனை என்ற ஒழுங்கு இரண்டிலும் ஒன்றுதான்.

அரசின் வடிவம் அரசுக்கு எதிராகத் திரும்பிய வேகத்தை 1765ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் சட்டம் கூட்டியது. பத்திரங்களுக்கு மட்டுமன்றி, செய்தி தாங்கிய தாள்களுக்கும் அச்சு விளம்பரங்களுக்கும் வரி விதித்த அச்சட்டம், குடியேற்றங்களில் வாய்வீச்சிலும் அச்சிலும் வல்ல இரு கூட்டத்தாரான வழக்கறிஞர்களையும் அச்சகத்தாரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டது. லண்டன் அமைச்சர்கள் இதைவிட மோசமாக எதிரிகளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. மறு ஆண்டு அது திரும்பப் பெறப்பட்ட செய்தி மே மாதம் பாஸ்டனை எட்டியதும், அதைக் கொண்டாடும் தாளை அந்நகரின் அச்சகத்தார் அன்றே வெளியிட்டனர்.

நியூயார்க்கில் 1769 டிசம்பரில் நடந்தது இதனினும் சுவையானது. நகரில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படையின் செலவுக்கு 2000 பவுண்டு ஒதுக்க மாகாணச் சட்டமன்றம் இசைந்ததும், மக்கள் காட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டார்கள் என்று அவர்களையே விளித்துப் பேசும் ஒரு தாள், ‘விடுதலையின் மைந்தன்’ என்ற புனைபெயரோடு டிசம்பர் 16 தேதியிட்டு நகரெங்கும் முளைத்தது. ஒட்டியவர்கள் பிடிபடாத விதத்தை, பின்னாளில் எழுதப்பட்ட ஜெனரல் ஜான் லாம்பின் வாழ்க்கை வரலாறு இப்படிச் சொல்கிறது: முதுகில் பெட்டி சுமந்த ஒருவர் களைத்தவர்போல் சுவரோரம் பெட்டியைச் சாய்த்து இளைப்பாறுவார், பெட்டிக்குள் ஒளிந்திருந்த சிறுவன் பின்பக்கத்து நகர்வுப் பலகையைத் தள்ளி, பசை தடவிய தாளைச் சுவரில் பதித்துவிட்டுப் பலகையை மூடிக்கொள்வான், இளைப்பாறல் முடிந்து பெட்டி அடுத்த சுவருக்குப் போகும். சட்டமன்றம் அத்தாளை ராஜதுரோக அவதூறு என்று தீர்மானித்தது. துணை ஆளுநர் கேட்வாலடர் கோல்டன் எழுதியவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு அறிவித்தார். அச்சகத் தொழிலாளி ஒருவரின் வாய்மொழியால் அச்சிட்டவர் ஜேம்ஸ் பார்க்கர் என்பது தெரிந்தது. அஞ்சல் துறையில் பதவியும் வைத்திருந்த பார்க்கர், அது பறிபோகும் என்ற அச்சத்தில், மன்னிப்புக்கு உறுதி பெற்றுக்கொண்டு எழுதியவரின் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து கப்பல் தொழிலில் முன்னேறிய அலெக்சாண்டர் மக்டூகல்.

மக்டூகல் பிணையில் வர மறுத்துச் சிறையிலேயே இருந்தார். இங்கிலாந்தில் தம் இதழின் 45ஆம் எண்ணுக்காக வழக்கில் சிக்கிய ஜான் வில்க்ஸோடு அவரை ஒப்பிட்ட ஆதரவாளர்கள், ஆண்டின் 45ஆவது நாளான 1770 பிப்ரவரி 14 அன்று 45 பேராகச் சிறைக்குச் சென்று, 45 மாத வயதுள்ள காளையின் இறைச்சியில் 45 பவுண்டு எடையை அவரோடு சேர்ந்து உண்டார்கள். பார்க்கர் அந்த ஆண்டே இறந்துவிட, முதன்மைச் சாட்சி இல்லாமல் அவதூறு வழக்கு விசாரணைக்கே வரவில்லை. புனைபெயரோடு சுவரில் ஏறிய ஒரு தாள், தன்னை எழுதியவரை நகரத் தலைவர்களில் ஒருவராக்கிவிட்டது. அவர் பிறகு புரட்சிப் படையின் தளபதிகளில் ஒருவரானார்.

1773இன் தேயிலைத் தகராற்றில் இரு தரப்பும் தாளோடு தாள் மோதின. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையோடு ‘டார்ட்மவுத்’ கப்பல் நவம்பர் 28 ஞாயிறன்று பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணியோசை கேட்டதும் ஃபேன்யுவில் மண்டபத்தில் கூடும்படி அழைக்கும் தாள்கள் நகரில் ஒட்டப்பட்டிருந்தன. திரண்ட கூட்டம் மண்டபம் கொள்ளாமல் பழைய தெற்குக் கூட்டக்கூடத்துக்கு மாறியது. அடுத்த நாள் ஷெரிஃப் கிரீன்லீஃப் அங்கே வந்து, சட்டவிரோதமாகக் கூடியவர்கள் கலைய வேண்டும் என்ற ஆளுநர் ஹட்சின்சனின் பிரகடனத்தைப் படித்தார். கிடைத்த பதில் நீண்ட சீழ்க்கை. அழைத்த தாளில் அழைத்தவரின் பெயர் இல்லை, ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். கலையச் சொன்ன தாளில் அரசரின் பிரதிநிதியே பேசினார், ஒருவரும் அசையவில்லை. பிலடெல்பியாவில் இன்னும் துணிந்து, நவம்பர் 27 தேதியிட்ட தாள் ஒன்றில் ‘தார் பூசி இறகு ஒட்டும் குழு’ என்ற பெயரில் ஒரு குழு, தேயிலை ஏற்றிவரும் ‘பாலி’ கப்பலை ஆற்றுக்குள் வழிநடத்தி வரக்கூடாதென்று டெலவேர் ஆற்று மாலுமிகளை மிரட்டியது. கப்பல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து, சரக்கை இறக்காமலே இங்கிலாந்துக்குத் திரும்பியது. அந்தப் பெயரில் அப்படி ஒரு குழு முறைப்படி இருந்ததா என்பது இங்கே பொருட்டில்லை. அதிகாரபூர்வமாகத் தோன்றும் தலைப்பு ஒன்றே போதுமானதாயிற்று.

பிரிட்டிஷ் அரசோடு போர் மூண்டபின் தாள்களின் தோற்றமே மாறியது. லெக்சிங்டன், கான்கார்ட் மோதல்களுக்குப் பிறகு மாசசூசெட்ஸின் சேலம் நகரில் எசக்கியேல் ரஸ்ஸல் வெளியிட்ட தாளின் உச்சியில், இறந்தவர்களின் பெயரோடு 40 கருப்புச் சவப்பெட்டிகள் வரிசையாக அச்சாகியிருந்தன. 1776 ஜனவரியில் மாசசூசெட்ஸ் பொதுமன்றம் வெளியிட்ட பிரகடனம் பழைய அரசப் பிரகடனங்களின் அமைப்பையே பின்பற்றினாலும், ‘கடவுள் அரசரைக் காப்பாராக’ என்று முடிய வேண்டிய இடத்தில் ‘கடவுள் மக்களைக் காப்பாராக’ என்று முடிந்தது. ஒரே சொல்லை மாற்றியதில் ஆட்சியே மாறிவிட்டதை அச்சுக்கோத்தவர் நன்றாகவே அறிந்திருப்பார். மறுபுறம், வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் நார்ஃபக்கில் ஜான் ஹோல்ட்டின் அச்சுப்பொறியைப் பறிமுதல் செய்து கப்பலில் ஏற்றிக்கொண்டு, 1775 நவம்பர் 7 தேதியிட்ட பிரகடனத்தைக் கடலில் இருந்தபடியே அச்சிட்டார். கிளர்ச்சியாளர்களின் அடிமைகளில் ஆயுதம் ஏந்தி அரசர் பக்கம் வருபவர்களுக்கு விடுதலை என்றது அது; எதிராளியின் உழைப்பாளிகளைப் பிரித்தெடுக்கும் போர்த் தந்திரம்தான் என்றாலும், அதைக் கேட்டு நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்தனர். கரையில் ஒரு சுவர்கூடச் சொந்தமில்லாமல் போன ஆளுநருக்கும் அச்சுப்பொறி இல்லாமல் முடியவில்லை.

1776 ஜூலை 4 அன்று இரவு பிலடெல்பியாவில் நடந்த வேலை இந்த மரபின் தொடர்ச்சியே. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றதும், அயர்லாந்தின் ஸ்ட்ரபேனில் பிறந்த ஜான் டன்லப் என்ற அச்சகத்தாரிடம் கையெழுத்துப் படி சென்றது. விடிவதற்குள் ஏறத்தாழ 200 தாள்களை அவர் அடித்துக் கொடுத்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. சில பிரதிகளில் வரிகள் சாய்ந்துள்ளன. சிலவற்றில் மை உலருமுன்பே தாளை மடித்ததால் எதிர்ப்பாதியில் நிழல்போல எழுத்துகள் பதிந்திருக்கின்றன. இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும், 50க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட தோல் ஆவணம் அந்த இரவில் இல்லை. அதை எழுதும்படி காங்கிரஸ் சொன்னது ஜூலை 19 அன்றுதான், பெரும்பாலோர் கையொப்பமிட்டது ஆகஸ்ட் 2 அன்றுதான். டன்லப்பின் தாளில் இருப்பவை அச்செழுத்தில் இரண்டே பெயர்கள்: காங்கிரஸின் ஆணைப்படி தலைவர் ஜான் ஹான்காக், சான்றளித்த செயலர் சார்ல்ஸ் தாம்சன். ஓர் ஆளுநரும் அவருடைய செயலரும் எந்த முறையில் பிரகடனத்தை முடிப்பார்களோ அதே முறை. பிரிந்து போகிறோம் என்று சொன்னபோதும் அரசர் கற்றுத்தந்த படிவத்திலேயே சொன்னார்கள்.

அங்கிருந்து தாள் பரவிய வழி பழைய வழியே. ஜூலை 8இல் பிலடெல்பியாவில் ஜான் நிக்சன் மக்கள் முன்னிலையில் அதைப் படித்தார். மறுநாள் நியூயார்க்கில் புரட்சிப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டன் தம் படைப்பிரிவுகளுக்குப் படிக்கச் செய்தார், அன்றிரவே கூட்டம் அரசர் மூன்றாம் ஜார்ஜின் ஈயச் சிலையைக் கவிழ்த்தது. பென்சில்வேனியாவின் ஜெர்மானியருக்காக ஸ்டைனர், சிஸ்ட் என்ற இருவர் சில நாள்களிலேயே ஜெர்மன் மொழித் தாளைக் கொண்டுவந்தனர். மாசசூசெட்ஸில் சவப்பெட்டிகளை அச்சிட்ட அதே ரஸ்ஸல் அச்சிட்ட பிரதியின் அடியில், ஒவ்வொரு சபையின் குருவும் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் இதைப் படிக்க வேண்டும், பின்பு ஊர் எழுத்தரிடம் தர வேண்டும், அவர் அதை ஊர்ப் பதிவேட்டில் நிலையாக எழுதிவைக்க வேண்டும் என்ற உத்தரவு சேர்ந்திருந்தது. கையொப்பமிட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு பிரகடனம் முதலில் அச்சானது 1777 ஜனவரியில், பால்டிமோரில். அச்சிட்ட மேரி கேத்தரின் கோடார்ட் அந்நகரின் தபால் அதிகாரியும் ஆவார். தேசத்துரோகக் குற்றத்துக்கு ஆளாகக்கூடிய அந்தப் பெயர்களின் கீழே தம் முழுப் பெயரையும் அவர் அச்சிட்டுக்கொண்டார்.

சுவரில் ஒட்டியது மழையில் போகும், ஆணியில் மாட்டியது கிழியும், மிஞ்சியது அடுப்பெரிக்க உதவும். ஆகவே எஞ்சியவை அனைத்தும் ஏதோ ஒரு விபத்தால் எஞ்சியவை. டன்லப்பின் தாள்களில் இன்று அறியப்பட்டவை 26. அவற்றில் ஒன்றை, 1989இல் பென்சில்வேனியாவில் பழம்பொருள் சந்தையில் நான்கு டாலருக்கு வாங்கிய படத்தின் பின்னால் மடித்திருக்கக் கண்டனர். 1991இல் அது 24 லட்சம் டாலருக்கும், 2000இல் 81 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. மூன்று பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், கிளர்ச்சியைப் பற்றி அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட அரசாங்கக் காகிதங்களோடு காகிதமாகச் சேர்ந்து பிழைத்தன. தெருப்பாடல் தாள்களுக்கோ அத்தகைய கோப்பும் இல்லை. அவற்றைக் காத்தவர் ஐசையா தாமஸ். ஏழு வயதுப் பையனாக, படிக்கத் தெரியுமுன்பே, எழுத்துப்பெட்டி எட்டுவதற்காகப் பலகைமேல் நின்று ஒரு கொச்சைப் பாடலை அச்சுக்கோத்துத் தொழில் தொடங்கியவர், பின்னர் நாட்டின் பெரிய அச்சகத்தாராகி, 1812இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் அமெரிக்கத் தொல்பொருள் கழகத்தை நிறுவினார். பாஸ்டன் அச்சகத்தார் ஒருவரிடமிருந்து 300க்கு மேற்பட்ட பாடல் தாள்களை ஒட்டுமொத்தமாக வாங்கி 1814இல் கழகத்துக்கு அளித்தபோது, அவை பாமரரிடையே அன்று பரவியிருந்த சரக்கு எப்படிப்பட்டது என்பதைக் காட்டுவதற்காக மட்டுமே என்று அவர் குறித்து வைத்தார். அந்தச் சரக்கைத் தேடித்தான் ஆய்வாளர்கள் இன்று வூஸ்டருக்குப் போகிறார்கள்.